தோசையில் ஏறிய எட்டு நிமிடம்

கூட்டாம்பனை என்று ஒரு ஊர், அந்த ஊரில் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிற பொன்னுக்கனி என்று ஒருத்தி, அவளுக்கு இசக்கிராசு என்று ஒரே தம்பி, அந்தத் தம்பி ஜெயிலில் இருந்தான், அவனை வெளியே கொண்டுவர ஒரு சிடி வேண்டியிருந்தது, அந்தச் சிடியோ ஏறவே மாட்டேன் என்றது. நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தச் சிடி ஏறாத நாலு நாளில் ஊர் பட்ட பாடு.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து பத்துக்கு ஊருக்கு வடக்கே இருந்த கருப்பட்டி குடோன் தீப்பிடித்தது. முந்தின வாரம்தான் இசக்கிராசுக்கும் குடோன்காரருக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது, அதனால் போலீஸ் வேறு வீட்டுக் கதவைத் தட்டவே இல்லை. ஆனால் அந்த ஐந்து பத்திலிருந்து ஐந்து பதினெட்டு வரைக்கும் இசக்கிராசு மூக்காண்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். மூக்காண்டி சொன்னது எடுபடவில்லை, அவன் மச்சான் முறை. கடையில் மாட்டியிருந்த கேமரா யாருக்கும் மச்சான் இல்லை. ஆனால் அது பதினைந்து நாளைத்தான் ஞாபகத்தில் வைத்திருக்கும், அதற்குப் பிறகு பழசின் மேலேயே புதுசை எழுதிக்கொள்ளும். பதினாலாம் நாள் பொன்னுக்கனி ஸ்டூடியோக்காரர் கோமதிநாயகத்தின் கையைக் காலைப் பிடித்து, அந்த எட்டு நிமிடத்தை மட்டும் அவருடைய கம்ப்யூட்டரில் இறக்கி வைத்தாள். கோர்ட்டிலோ பென்டிரைவ் வாங்க உத்தரவு இல்லையாம், சிடியாகத்தான் கொடுக்க வேண்டுமாம். சிடி இல்லாமல் போனதால் ஒரு வாய்தா ஏற்கெனவே தள்ளிப் போயிருந்தது. வருகிற திங்கட்கிழமையை விட்டால் கோர்ட்டுக்கு ஒரு மாசம் லீவு.

புதன்கிழமை அவள் தம்பியைப் பார்க்கப் போயிருந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு மேலுதட்டில் மூன்று தையல் இருந்தது. வழுக்கி விழுந்ததாகச் சொன்னான், யாருக்கோ கேட்கும்படி சத்தமாகச் சொன்னான், பிறகு வலையில் வாயை வைத்து, "அக்கா, இன்னொரு மாசம்னா நான் தாங்க மாட்டேங்க்கா, சும்மா பேச்சுக்குச் சொல்லல" என்றான். திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, இருந்தும் ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் நாயகம் அண்ணாச்சி சிடி எழுதுகிற பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். ஒரு காலத்தில் கூட்டாம்பனையில் நடந்த கல்யாணம், சடங்கு, கோயில் கொடை அத்தனையையும் எழுதிக் கொடுத்த பெட்டி அது, இப்போது எல்லாரும் கல்யாணத்தைப் போனிலேயே பார்த்து முடித்துவிடுவதால் மேசைக்கடியில் சும்மா கிடந்தது. அதன் வாய் சரியாகத் திறக்காது, ஓரத்து ஓட்டையில் குண்டூசியை விட்டு நெம்ப வேண்டும். பழைய அடுக்கில் இருபத்துமூன்று சிடி மிச்சம் இருந்தது. முதல் சிடியைப் போட்டார். பெட்டி உறுமியது, திரையில் பச்சைக்கோடு பன்னிரண்டு சதவீதம் வரை வந்து நின்றது, பெட்டி நாக்கை நீட்டுகிற மாதிரி சிடியை வெளியே தள்ளியது. அதில் ஒன்றும் இல்லை, இனி அதில் வேறெதையும் எழுதவும் முடியாது.

"வேகம் கூடிப்போச்சி தங்கச்சி, கொறைச்சி வெப்போம்" என்றார். குறைத்தார். ஒன்பதில் நின்றது. கேபிளை மாற்றினார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே இருக்கிற கண்ணாடிப் பொட்டைத் துடைத்தார், வருசா வருசம் சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வாய்க்குள் உதிர்ந்து கட்டியாகக் கிடந்ததைப் பல்குச்சியால் நோண்டி எடுத்தார். எழுதுகிற புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். வேறு ஒரு பழைய கல்யாணத்தைப் போட்டுப் பார்த்தார், மாப்பிள்ளை பெண்ணோடு சுத்தமாக ஏறியது. இசக்கிராசுவின் எட்டு நிமிடத்தைப் போட்டால் மட்டும் ஏற மாட்டேன் என்றது. அதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பைக்கில் பக்கத்து டவுனுக்குப் போய் அங்கே ஒருவரிடம் இருந்த பெட்டியில் கொடுத்தார்கள். அதுவும் பாதியில் துப்பியது. அந்த ஆள் சிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "எழுதத்தான் செய்யுது அண்ணாச்சி, ஆனா எழுதினது இதுல நிக்கல, வேற எங்கயோ போகுது" என்றார்.

எங்கே போகிறது என்பது வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்தது.

பொன்னுக்கனி அடுப்பில் கல்லைப் போட்டு, நடுவில் ஒரு கரண்டி மாவு விட்டு, உள்ளேயிருந்து வெளியே சுற்றிச் சுற்றி இழுத்துவிட்டாள். மாவு வேகத் தொடங்கிப் பொத்துப் பொத்தாக ஓட்டை விழுகிற நேரத்தில் அந்த ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பெஞ்ச் ஆயின, பெஞ்சுக்கு மேலே ஒரு சட்டை வந்தது, சட்டைக்கு மேலே அவள் தம்பியின் தலை வந்தது, தலைக்குப் பக்கத்தில் டீக்கடைச் சுவர்க் கடிகாரம் ஐந்து பத்து காட்டியது. தம்பி குனிந்து பஜ்ஜியை ஊதினான். அவள் அலறவில்லை. தோசைத் திருப்பியைக் கையில் எடுத்தவளுக்குத் தம்பியைக் குப்புறப் போட மனசு வரவில்லை, அப்படியே நின்றாள், தோசை கருகி அவன் காலடியிலிருந்து புகை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

வெளியே அடுத்த வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "ஏளா பொன்னு, ஒந்தம்பி எங்க வீட்டுக் கல்லுல உக்காந்து பஜ்ஜி திங்கான்."

"உதடு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் பொன்னுக்கனி.

"நல்லாத்தான் இருக்கு. எண்ணெ வடியுது."

அன்றைக்குக் கூட்டாம்பனையில் யார் வீட்டில் தோசை ஊற்றினாலும் அந்த எட்டு நிமிடம் ஓடியது. இரும்புக் கல்லில் கருப்பு வெள்ளையாகவும் நான்ஸ்டிக் கல்லில் கலராகவும் ஓடியது, வெங்காயம் தூவினால் ஆள் முகம் மறைந்தது, மசால் வைத்து மடித்தால் படம் உள்ளே போய்விட்டது, திருப்பிப் போட்டால் அதோடு முடிந்தது. இட்லியில் தெரியவில்லை, ஆப்பத்தில் ஓரம் மட்டும் தெரிந்தது, அதில் ரோட்டில் போகிற ஆடுதான் இருந்தது. முதல் நாள் ஊர் ஒருபக்கம் வெந்த தோசையையே தின்றது. இரண்டாம் நாள் பிள்ளைகள் மட்டும் குனிந்து பார்த்து, "மாமா கடிக்கப் போறாரு, மாமா கடிக்கப் போறாரு, கடிச்சிட்டாரு" என்று கூப்பாடு போட்டன, பெரியவர்கள், "நகருங்கல, அம்மா திருப்பணும்" என்றார்கள். பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில், வருகிறவர்களிடம் சட்னியா சாம்பாரா என்று கேட்பதைப்போல, முழுசாவா திருப்பியா என்று கேட்கத் தொடங்கினார்கள். கடைசி நிமிடத்தில் மூக்காண்டி கழுத்தைத் துடைத்த துண்டாலேயே டீ கிளாசையும் துடைப்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதால் அவன் கடைக்கு ஆள் குறைந்தது. அவன் பொன்னுக்கனி வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒந்தம்பி ஒருத்தன் வெளிய வர எம் பொழப்ப ஏம்ட்டி தோசையில ஊத்துதிய?" என்று சண்டை பிடித்துவிட்டு, போகும்போது ரெண்டு பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு போனான்.

ஸ்டேஷன் ஏட்டும் பார்த்தார். ஓட்டலில் சீருடையோடு உட்கார்ந்து எட்டு நிமிடத்தையும் இமைக்காமல் பார்த்தார், கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார். பொன்னுக்கனி பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

"பய இங்கதான் இருந்திருக்கான்" என்றார்.

"அப்ப விட்டுருங்கய்யா."

"நாஞ்சொல்லி என்னம்மா ஆகுது? மேல தோசையவா அனுப்ப முடியும்? நீ சிடி போடு." சொல்லிவிட்டுப் பெஞ்சுப் பக்கமாக ஒரு துண்டு பிய்த்துச் சாம்பாரில் தோய்த்தார்.

ஊரே பார்த்தாயிற்று, ஊரே நம்பியாயிற்று, காலையும் மாலையும் அவன் குற்றமில்லாதவன் என்பதை ஊர் சட்னி தொட்டுத் தின்றது, தம்பி மட்டும் உள்ளேயே இருந்தான். பொன்னுக்கனி மாவாட்டுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஸ்டூடியோவில், கல்யாணப் பெண்களை உட்கார வைத்துப் படமெடுக்கிற சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சிடி அடுக்கு குறைந்துகொண்டே வந்தது. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள் ஏழு மிச்சம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று. இந்தக் காலத்தில் எந்தக் கடையில் போய்ச் சிடி கேட்பது? கேட்டுப் பார்த்தார்கள். ஒருவர் தன் வயலில் கிளி விரட்டக் கட்டியிருந்த சிடிகளை அவிழ்த்துக்கொண்டு வந்து கொடுத்தார், அவை எல்லாம் ஏற்கெனவே எழுதினவை.

நாயகம் அண்ணாச்சி ஒழுங்கான ஆள். ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனையில் நின்றது என்று ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் கடைசிச் சிடி மட்டும் மிஞ்சியபோது தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பொன்னுக்கனி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். காலை எட்டுக்குப் போட்டால் ஒன்பது. பதினொன்றுக்கு எழுபது. மத்தியானம் ரெண்டரைக்குத் தொண்ணூற்றேழு. சாயங்காலம் ஆறுக்குப் பதினாலு. மறுநாளும் அதே ஏற்றம், அதே இறக்கம். இந்தக் கணக்கு அவளுக்குப் பழகின கணக்கு. எட்டு வருசமாக அவள் வாசலில் ஆட்கள் வந்து நின்று மாவு வாங்கிப் போகிற கணக்கு.

"அண்ணாச்சி, ஊர் தோசை ஊத்துத நேரத்துலதான் இது எறங்குது."

நாயகம் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "இருக்கும்" என்றார். "இதுல எழுத வேண்டியதெல்லாம் அங்க போகுதுன்னா, அங்க அடைச்சாத்தான் இங்க நிக்கும்."

தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவர் பேசினார். அவளும் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் பொன்னுக்கனி வீடு வீடாக ஏறி இறங்கினாள். நாளைக்குக் காலையில் எட்டிலிருந்து எட்டரை வரைக்கும் யாரும் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றக் கூடாது, தம்பி உசிரு அதில் இருக்கிறது என்றாள். "மாவு விக்கிறவளே வந்து தோசை சுடாதங்கியே, ஒலகம் நேராத்தான் இருக்கா?" என்று கேட்டார்கள், கேட்டுவிட்டு, "சரிளா, பழைய சோறு இருக்கு" என்றார்கள். ஓட்டல்காரர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு பூரிக்கு மாவு பிசையச் சொன்னார். பிள்ளைகள் மட்டும் அழுதன, இனிமேல் மாமா வர மாட்டாரா என்று கேட்டன.

கடைசி வீடு பேச்சித்தாயுடையது. அவள் யாரிடமும் மாவு வாங்குகிறவள் இல்லை, கையாலேயே ஆட்டிக்கொள்வாள். அந்த எட்டு நிமிடத்தில் நாலாவது நிமிடம் அவள் புருசன் வேலாண்டி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீக்கடைக்கு முன்னால் ரோட்டைக் கடந்து போவார், மொத்தம் பதினோரு வினாடி. அதற்கு அடுத்த வாரம் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் படமென்று ரேசன் கார்டில் ஒன்று இருந்தது, அதிலும் முத்திரை முகத்தின் மேல் விழுந்திருந்தது. அதனால் பேச்சித்தாய் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் சிறுதீயில் தோசை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒன்று கருகினால் இன்னொன்று. கருகினதை ஆடு தின்றது, ஆடும் சலித்துப்போய்த் தின்னாமல் விட்டது. பொன்னுக்கனி விசயத்தைச் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கூட்டாம்பனையில் ஒரு கல்லிலும் சொய்ங் என்ற சத்தம் இல்லை. ஸ்டூடியோ வாசலில் பாதி ஊர் நின்றது. நாயகம் அண்ணாச்சி கடைசிச் சிடியை ஓரத்தில் மட்டும் பிடித்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதத்தில் பெட்டியில் வைத்தார். கோடு ஓடியது. ஒன்பதைத் தாண்டியது, ஜனம் "தாண்டிட்டு" என்றது. எழுபதைத் தாண்டியது. தொண்ணூற்றேழில் நின்றது.

பெட்டி துப்பவில்லை. விளக்கு மினுக் மினுக் என்றது.

"எங்கயோ ஒரு கல்லு எரியுது" என்றார் நாயகம். "அஞ்சு நிமிசம் நிக்கும் தங்கச்சி. அதுக்கு மேல போனா சிடி போச்சி."

யார் வீட்டுக் கல் என்று யாரும் கேட்கவில்லை. பொன்னுக்கனி ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, மற்றதை அவளே உதறிவிட்டு ஓடினாள்.

பேச்சித்தாய் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். கல்லில் தோசை, தோசையில் இசக்கிராசு மூன்றாவது பஜ்ஜியை எடுத்தான், கடிகாரத்தில் ஐந்து பதிமூன்று. பொன்னுக்கனி அடுப்பின் திருகைப் பிடித்துவிட்டாள். ஒரு திருகு, அவ்வளவுதான். வயசான கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது, தடுக்கிற பிடி இல்லை அது, தடுக்க அதில் பலமும் இல்லை.

"சித்தி, எந்தம்பி செத்துருவான் சித்தி."

"தெரியும்ளா."

"பெறவு ஏன் சித்தி?"

"அவுக வாரதுக்கு இன்னும் அரை நிமிசந்தான் இருக்கு. இந்த ஒரு தடவ போயிரட்டும்."

பொன்னுக்கனியின் விரல் திருகின் மேலேயே இருந்தது. ஸ்டூடியோவில் மினுக்குகிற விளக்கை அவள் கண்ணுக்குள்ளேயே பார்த்தாள், தம்பியின் உதட்டுத் தையலைப் பார்த்தாள், அந்த அரை நிமிடம் போல ஒரு நீளமான காலத்தை அவள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. திருகைத் திருப்பவில்லை. இடது ஓரத்தில், மாவு கொஞ்சம் தடித்திருந்த இடத்தில், வேலாண்டி வந்தார். குடையை இடுக்கிக்கொண்டு, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து, நடு ரோட்டில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஓட்டைக்கு ஓட்டை தாவி, வலது ஓரத்தில் முறுகலுக்குள் போனார்.

பேச்சித்தாய் தோசைத் திருப்பியை எடுத்துப் பொன்னுக்கனியிடம் நீட்டினாள். "நீ திருப்பு. என்னால முடியாது."

பொன்னுக்கனி திருப்பிப் போட்டாள். சொய்ங் என்றது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஸ்டூடியோப் பக்கமிருந்து ஊர் கத்தியது கேட்டது.

சிடியின் வயிற்றில் ஒரு வளையம் மட்டும் நிறம் கருத்திருந்தது, அதுதான் எட்டு நிமிடம். இது கேமராவில் இருந்ததுதான் என்கிற சான்றில் நாயகம் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொன்னுக்கனி அதை மடியில் வைத்து, மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு பஸ்ஸில் போனாள். கோர்ட்டு ஆபீசில் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர் சிடி உறையை வாங்கினார், மேலே நம்பர் எழுதினார், குத்தூசியால் உறையின் ஓரத்தில் துளை போட்டு, வெள்ளை நூலைக் கோத்து, கேஸ் கட்டோடு சேர்த்துத் தைத்தார், நூலைப் பல்லால் கடித்தார்.

"ஐயா, போட்டுப் பாக்கலையா?"

"போட்டுப் பாக்க இங்க மிஷின் ஏதும்மா? வந்த புதுக் கம்ப்யூட்டர் ஒண்ணுலயும் சிடி போட வாய் இல்ல."

"பெறவு எதுக்குய்யா கேட்டிய?"

"கட்டுல இருக்கணும்லா" என்றார் அவர்.

பன்னிரண்டு மணிக்குக் கேஸ் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் சிடி இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றார்கள், நூல் தைத்த இடத்தைத் தூக்கிக் காட்டினார்கள். ஜாமீன் கொடுத்தாயிற்று. பொன்னுக்கனி வராந்தாவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள். பாதி அதுதான்.

மறுநாள் காலையில் இசக்கிராசு வெளியே வந்தான். ஊருக்குள் கால் வைத்ததும் பிள்ளைகள் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன, ஒருத்தி, "மாமா கலர்ல இருக்காரு" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரில் எந்தத் தோசையிலும் இப்போது ஒன்றும் இல்லை, பொத்துப் பொத்தாக வெறும் ஓட்டை. பொன்னுக்கனி அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. நேராகப் பேச்சித்தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பேச்சித்தாய் அவனை உட்காரச் சொன்னாள். அவன் முகத்தையே பார்த்தாள், உதட்டுத் தையல்தான் அவளுக்குப் பழக்கமில்லை.

"அன்னைக்கி நீ அங்கதான இருந்த. அவுக ஒம் முன்னாலதான் கடந்து போனாக. எதுவும் சொன்னாகளா? அதுல சத்தம் இல்லல்லா, அதான் கேக்கேன்."

பொன்னுக்கனி தம்பியைப் பார்த்தாள். எதையாவது சொல்லேன்டா என்று கண்ணால் கெஞ்சினாள். மழை வரும் போலிருக்கு என்று சொன்னார் என்று சொல்லேன், சாப்பிட்டியா என்று கேட்டார் என்று சொல்லேன். இசக்கிராசு நெற்றியைச் சுருக்கி யோசித்தான், நெடுநேரம் யோசித்தான், அவன் பொய் சொல்லத் தெரியாத பயல், குடோன்காரரிடம் வாய் கொடுத்ததும் அதனால்தான்.

"சித்தப்பா போனாகளா சித்தி? நான் பாக்கலையே. பஜ்ஜியப் பாத்துகிட்டு இருந்தேன்."

பேச்சித்தாயின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பொன்னுக்கனி எழுந்தாள். அழவில்லை.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் பேச்சித்தாய், சிரிப்பில் மூச்சு முட்டியது. "இருநூறு தடவ பாத்திருக்கேன் ஒன்ன. ஒரு தடவயாவது தலையத் தூக்குனியால நீ? பேதியில போவான், கோட்டையத் தூக்கிட்டுப் போனாலும் தெரியாது ஒனக்கு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசிக்கால?" என்று கேட்டாள்.

"பசிக்கி சித்தி."

அவள் கல்லை ஏற்றினாள். மாவை நடுவில் விட்டுச் சுற்றி இழுத்தாள், எண்ணெய் விட்டாள், வேகும் வரை பொறுக்காமல் சட்டென்று திருப்பிப் போட்டாள், தட்டில் வைத்துக் கொடுத்தாள். இசக்கிராசு குனிந்து ஊதினான். தையல் வலிக்காத பக்கமாக வைத்துக் கடித்தான். அடுத்ததைக் கல்லில் ஊற்றிவிட்டு, பேச்சித்தாய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கல்லைப் பார்க்காமல், தின்கிறவனைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.